பைக் பந்தயத் தடத்தில் முதன்முதலாக இறங்கும் மதுரைக்காரர் எந்த வழியைத் தேர்வது நல்லது

மேலூரில் இருக்கும் என் அக்கா மகன் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தான். கைப்பேசியில் இருந்த விலைப்பட்டியலைக் காட்டி, "மாமா, கேடிஎம் ஆர்சி 390 எடுத்துரலாம்னு இருக்கேன். லோன் கிடைச்சிரும். அடுத்த சீசன்ல ரேஸ்ல இறங்கிரலாம்ல?" என்று கேட்டான். மாட்டுத்தாவணிப் பக்கம் வேலைக்குப் போய்வரும் அவனிடம் நான்கு ஆண்டுகள் ஓடிய 155 சிசி யமஹா ஆர்15 ஒன்று இருக்கிறது. தடத்தில் இதுவரை ஒரு சுற்றுக்கூட அவன் ஓட்டியதில்லை. அன்று அவனுக்கு வாய்மொழியாகச் சொன்னதை இன்னும் ஒழுங்காக எழுதித் தரலாம் என்று தோன்றியது. அவனைப் போலவே கேட்கிற பிள்ளைகள் நம் பக்கம் இப்போது அதிகமாகிவிட்டார்கள் என்பதும் ஒரு காரணம்.

அவன் கேட்டது ஒரு கேள்வி போலத் தோன்றினாலும் அதற்குள் மூன்று கேள்விகள் கலந்திருந்தன. எந்த வண்டி, எந்தத் தடம், எந்த வாசல் வழியாக உள்ளே போவது என்பவையே அவை. பெரும்பாலானவர்கள் வண்டியை முதலில் முடிவு செய்துவிட்டு மற்ற இரண்டையும் அதற்கேற்ப வளைக்கிறார்கள். நான் பத்தாண்டுகளாகத் தடத்தில் ஓட்டி வருகிறேன். என் அனுபவத்தில் அந்த வரிசை தலைகீழானது. வாசலை முதலில் முடிவு செய்தால் தடம் தானாக அமையும், தடம் அமைந்தால் வண்டி எது என்பது கடைசியில் ஏறக்குறையத் தானே விளங்கிவிடும்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தடத்துக்குப் போகச் செலவாகும், சாலை இலவசம் என்று எண்ணி, 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட 7.3 கி.மீ. நீள நத்தம் சாலை மேம்பாலத்திலும் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளிலும் பழகுகிறவர்கள் இருக்கிறார்கள். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்தை விடுங்கள், கற்றுக்கொள்ளும் கணக்கைப் பார்த்தாலும் சாலை தோற்கிறது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் பந்தயத் தடத்தின் ஒரு சுற்று 3.717 கி.மீ., வளைவுகள் 12. புதியவர் ஒரு சுற்றுக்கு இரண்டரை நிமிடம் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொண்டாலும், 20 நிமிட அமர்வு ஒன்றில் எட்டுச் சுற்று, அதாவது 96 வளைவுகள் கிடைக்கின்றன. ஒரே வளைவை எட்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விஷயத்தை மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். எதிரே அரசுப் பேருந்து வராது, வளைவின் நடுவில் மணல் கொட்டிக் கிடக்காது, விழுந்தால் மோதுவதற்கு மைல்கல் இருக்காது. சிறுமலையில் ஒரு நாள் முழுவதும் ஏறி இறங்கினாலும் இந்த வாய்ப்பு அமையாது.

இனி வாசல்கள். எனக்குத் தெரிந்து புதியவருக்கு நான்கு இருக்கின்றன. பயிற்சிப் பள்ளியில் சேரலாம். டிராக் டே எனப்படும் திறந்த நாளில் கட்டணம் கட்டி ஓட்டலாம். நிறுவனங்கள் நடத்தும் ஒரே வகை வண்டிப் போட்டிகளின் தேர்வுச் சுற்றில் கலந்துகொள்ளலாம். சொந்த வண்டியோடு தேசியப் போட்டியில் புதியவர்களுக்கான நாவிஸ் வகுப்பில் நேரடியாகப் பெயர் கொடுக்கலாம். அக்கா மகன் மனத்தில் இருந்தது நான்காவது.

அந்த நான்காவதை முதலில் பேசிவிடலாம், ஏனென்றால் பார்க்க மிகவும் கவர்ச்சியானதும் தொடக்கத்தில் மிகவும் வீணானதும் அதுதான். தேசிய வாகனப் பந்தயக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ வழங்கும் உரிமம் வேண்டும், அதற்கு உடல்தகுதிச் சான்று வேண்டும். வண்டியைத் தொழில்நுட்பச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். பேடாக் எனப்படும், தடத்தை ஒட்டி வண்டிகளைத் தயார் செய்யும் இடத்தில் உடன் நிற்க ஒரு மெக்கானிக் வேண்டும், மாற்று லிவர், ஃபுட்ரெஸ்ட், பிரேக் பேட், டயர் எல்லாம் கையிருப்பில் வேண்டும். இவ்வளவும் செய்து, மதுரையிலிருந்து வண்டியைக் கொண்டுபோய், வார இறுதி முழுவதும் தங்கினால் கிடைப்பது என்ன? ஒரு பயிற்சி அமர்வு, ஒரு தகுதிச் சுற்று, ஒன்றோ இரண்டோ பந்தயங்கள். ஓட்டும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதே அரிது. அந்த நேரமும் கற்றுக்கொள்வதற்கு உகந்ததாக இருக்காது. முதல் வளைவுக்குள் இருபது பேர் தோளோடு தோள் உரசி நுழையும்போது யாரும் தம் பார்வை எங்கே போகிறது என்று யோசிப்பதில்லை. ஓட்டத் தெரிந்தவர் தம்மைச் சோதித்துப் பார்க்கும் இடம் அது, ஓட்டக் கற்கும் இடம் அன்று.

மூன்றாவது வாசலான ஒரே வகை வண்டிப் போட்டியைப் பற்றி எனக்கு உயர்ந்த மதிப்பு உண்டு. டிவிஎஸ் ரேசிங் அணி 1982இல் தொடங்கப்பட்டது. அது நடத்தும் ஒன் மேக் சாம்பியன்ஷிப் 1994 முதல் நடந்து வருகிறது. அப்பாச்சி வண்டிகளைப் பந்தயத்துக்கு ஏற்றபடி மாற்றியமைத்து எல்லாருக்கும் ஒரே மாதிரி தருகிறார்கள். பெண்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. ஹோண்டா நிறுவனமும் இளையவர்களுக்கான டேலண்ட் கப் போட்டியை நடத்தியிருக்கிறது. ராயல் என்ஃபீல்டு 2021 முதல் கான்டினென்டல் ஜிடி 650 வண்டிகளைக் கொண்டு ஒரு கோப்பைப் போட்டியை நடத்தி வந்திருக்கிறது. வண்டி சமமாக இருப்பதால் முன்னால் போகிறவர் ஓட்டும் திறத்தால் போகிறார் என்பது சந்தேகமில்லாமல் தெரியும். மதுரைக்காரருக்கு இன்னொரு பெரிய நன்மை, வண்டியைச் சுமந்து போக வேண்டியதில்லை. ஹெல்மெட்டையும் சூட்டையும் பையில் போட்டுக்கொண்டு இரவு ரயிலில் ஏறிவிடலாம். ஆனால் இடங்கள் சில, வருகிறவர்கள் பலர். தேர்வு பெரும்பாலும் சுற்று நேரத்தை வைத்து நடக்கும். தடத்தை முன்பின் பார்த்திராத ஒருவர் தேர்வு நாளன்று தரப்படும் ஒரு சில சுற்றுகளில் தம்மைக் காட்டிவிட முடியாது. ஆகவே இந்த வாசலை மூடிவிடச் சொல்லவில்லை, இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிவைக்கச் சொல்கிறேன்.

மிஞ்சுவது பள்ளியும் டிராக் டேயும். உண்மையான தேர்வு இவ்விரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது, தவறான முடிவெடுக்கிறவர்கள் மிகுதியாக இருப்பதும் இங்கேதான்.

டிராக் டே மலிவு. ஒரே பணத்துக்கு அதிக நேரம் தடத்தில் இருக்கலாம். அனுபவத்தை வைத்துக் குழுக்களாகப் பிரித்து விடுவார்கள். காலையில் கொடிகளின் பொருளையும் முந்துவதற்கான விதிகளையும் விளக்குவார்கள். மற்றபடி உங்களை யாரும் தடுக்கமாட்டார்கள், திருத்தவும் மாட்டார்கள். நான் தொடங்கியது அப்படித்தான். முதல் ஆண்டில் மூன்று முறை போனேன், ஒவ்வொரு முறையும் முந்தைய முறையைவிட வேகமாக ஓட்டினேன், நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று நம்பினேன். நான் கற்றுக்கொண்டிருந்தது என் தவறுகளை வேகமாகச் செய்வதற்கு. வளைவின் வெளியேறும் இடத்தைப் பார்க்காமல் முன் சக்கரத்துக்குச் சில மீட்டர் முன்னால் இருந்த தார் மீதே கண் நின்றது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து உடல் எடையைக் கைகளில் தாங்கினேன். வளைவின் நடுவில் பயம் வந்தால் த்ராட்டிலை, அதாவது ஆக்ஸிலரேட்டரை, சட்டென்று மூடினேன். இம்மூன்றையும் பழக்கமாக்கிக்கொள்ள ஓர் ஆண்டு ஆனது. களைய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

பள்ளியில் இதற்கு நேர்மாறாக நடக்கும். கீத் கோட் 1980இல் அமெரிக்காவில் தொடங்கிய கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் பல ஆண்டுகளாக இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து வகுப்பு நடத்தியிருக்கிறது. தேசியச் சாம்பியனாக விளங்கிய சென்னையைச் சேர்ந்த ரஜினி கிருஷ்ணன் தொடங்கிய பயிற்சிக் கூடம் போன்ற உள்ளூர் அமைப்புகளும் உண்டு. முன்னதன் முதல் நிலையில் ஐந்து பாடங்கள்: த்ராட்டிலைக் கையாளுதல், வண்டியைத் திருப்பத் தொடங்கும் புள்ளியைத் தேர்ந்தெடுத்தல், வேகமாகச் சாய்த்தல், கைகளைத் தளர்த்தி வைத்தல், பார்வையை இரண்டு படிகளாக நகர்த்துதல். ஒவ்வொரு பாடத்துக்கும் முதலில் வகுப்பறை, அடுத்துத் தடம், பிறகு பின்னால் ஓட்டி வந்து கவனித்த பயிற்சியாளரோடு உரையாடல். ஒரு அமர்வில் ஒன்றே ஒன்றைத்தான் கவனிக்கச் சொல்கிறார்கள். அந்தக் கட்டுப்பாட்டின் அருமை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

த்ராட்டில் பாடத்தை எடுத்துக்கொள்வோம். வளைவில் த்ராட்டிலைத் திறக்கத் தொடங்கிய பிறகு சீராக, விட்டுவிடாமல், வளைவு முடியும்வரை கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்பது விதி. இதற்குக் காரணம் எடை. வண்டி நின்றிருக்கும்போது எடை இரண்டு சக்கரங்களுக்கும் ஏறக்குறையப் பாதிப் பாதியாக விழுகிறது. வளைவில் பெரிய பின் டயருக்கு 60 விழுக்காடும் சிறிய முன் டயருக்கு 40 விழுக்காடும் போனால்தான் இரண்டும் தம் அளவுக்கேற்ற வேலையைச் செய்யும். மென்மையான த்ராட்டில் அந்தப் பங்கீட்டைச் செய்கிறது. பயத்தில் மூடினால் எடை முன்னால் பாய்ந்து, சாய்ந்திருக்கும் முன் டயரின் பிடியைத் தின்றுவிடுகிறது. இதை ஒருவர் சொல்லித் தந்து, பிறகு பின்னால் வந்து பார்த்து, "ஏழாவது வளைவில் மூடிவிட்டீர்கள்" என்று சொல்லும்போதுதான் புத்தி உடம்புக்குள் இறங்குகிறது. தனியாக ஓட்டுகிறவருக்குத் தாம் மூடியதே தெரியாது. பள்ளிக் கட்டணம் டிராக் டே கட்டணத்தைவிடப் பல மடங்கு என்பது உண்மைதான். ஆனாலும் என் மூன்று ஆண்டுகளை வைத்துக் கணக்குப் பார்த்தால் பள்ளிதான் மலிவு. அங்கீகாரம் பெற்ற பள்ளியின் சான்றிதழ் பின்னர் போட்டி உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போதும் கைகொடுக்கும்.

அடுத்து, தடம். நாட்டில் பெயர் பெற்றவை மூன்று. கிரேட்டர் நொய்டாவின் புத் சர்வதேசத் தடம் 5.125 கி.மீ. நீளமானது, 2023 செப்டம்பரில் உலக மோட்டார் சைக்கிள் பந்தயமான மோட்டோஜிபி நடந்த இடம். நம்மிடமிருந்து 2,000 கி.மீ.க்கும் அப்பால் இருப்பதால் தொடக்கக்காரருக்கு அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். மற்ற இரண்டும் தமிழ்நாட்டில் இருப்பது நம் நற்பேறு. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் இருப்பது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்கியூட். 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமானது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்த அந்தக் கிளப் 1990 வாக்கில் தனக்கென ஒரு தடத்தை அமைத்துக்கொண்டது. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருப்பது கரி மோட்டார் ஸ்பீட்வே. இந்தியப் பந்தயக் கார்களை வடிவமைத்தவரும் 1995இல் விமான விபத்தில் இறந்தவருமான கரிவரதனின் பெயரைத் தாங்கியது, ஏறக்குறைய 2.1 கி.மீ. நீளம்.

மதுரையிலிருந்து செட்டிபாளையம் சுமார் 200 கி.மீ.; இருங்காட்டுக்கோட்டை ஏறக்குறைய 450 கி.மீ. தூரத்தை மட்டும் பார்த்தால் கோவைதான் வெல்லும். அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினால் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாக விடிந்த சற்று நேரத்தில் போய்ச் சேரலாம், இரவே வீட்டுக்குத் திரும்பலாம், தங்கும் செலவு இல்லை. தடமும் சிறியது, நேர்ப்பாதை நீளமாக இல்லாததால் உச்ச வேகம் கட்டுக்குள் இருக்கும், ஒரே வளைவு அடிக்கடி வரும். 150, 200 சிசி வண்டிக்கு அது போதுமான இடம். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று மட்டும் சாய்ந்திருக்கும் வண்டியை நன்றாகவே தள்ளும். புதியவர் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

இருங்காட்டுக்கோட்டையின் முதல் வளைவு, சி1 என்று எல்லாரும் சொல்வது, நேர்ப்பாதையின் முழு வேகத்தில் எதிர்கொள்ள வேண்டிய விரைவான வலப்பக்க வளைவு. சிறிய வண்டிக்காரர்கள் அதில் த்ராட்டிலை மூடாமலே போவார்கள். முதல் நாளில் அது ஒருவரை மிரட்டிவிடும், பிறகு அதுவே பழகிப்போய் மற்ற தடங்கள் எளிதாகத் தோன்றும். பள்ளிகளும் தேசியப் போட்டிகளும் அதிகமாக நடப்பது அங்கேதான். எனவே என்றேனும் போட்டியிட நினைப்பவர் அந்த 12 வளைவுகளையும் மனப்பாடமாக வைத்திருக்கத்தான் வேண்டும். ஆகையால் தூரம் அதிகமாக இருந்தாலும் பள்ளிக்கு இருங்காட்டுக்கோட்டை, அதன் பிறகு பாடத்தை ஓட்டிப் பழக அடிக்கடி போகும் டிராக் டேக்குக் கோவை என்று பிரித்துக்கொள்வது மதுரைக்காரருக்குப் பொருத்தமாகப் படுகிறது. சென்னையில் இருக்கிறவருக்கு இந்தக் கேள்வியே எழாது, நமக்கு எழுகிறது.

வண்டியை எப்படிக் கொண்டுபோவது என்பதைப் பலரும் சில்லறை விஷயமாக நினைக்கிறார்கள். நான் முதலிரண்டு முறை ஓட்டிக்கொண்டே போனேன். நான்கு வழிச் சாலையில் விழுப்புரம் தாண்டி, செங்கல்பட்டு தாண்டி, சிங்கப்பெருமாள் கோவிலில் திரும்பி ஒரகடம் வழியாகப் போய்ச் சேர்ந்தபோது மணிக்கட்டும் இடுப்பும் மரத்துப் போயிருந்தன. அந்த உடம்போடு மறுநாள் காலை தடத்தில் இறங்கினேன். இரண்டாவது முறை, மாலைக் கடைசி அமர்வில், மிக மெதுவான வளைவு ஒன்றில் முன் சக்கரம் வழுக்கி விழுந்தேன். எனக்குக் காயம் இல்லை. ஆனால் கிளட்ச் லிவரும் இடது ஃபுட்ரெஸ்ட்டும் முறிந்துவிட்டன, அது ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீபெரும்புதூரில் திறந்திருந்த கடைகளில் அந்த உதிரிப் பாகங்கள் இல்லை. ஒரு லோடு வண்டிக்காரரைப் பிடித்து வண்டியை மதுரைக்கு ஏற்றி வந்தேன். அந்த வாடகை, அன்றைய டிராக் கட்டணத்தைவிட அதிகம். தடத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறவர், தம் வண்டி மாலையில் ஓடும் நிலையில் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறார். அப்படி எண்ணிக்கொண்டு ஓட்டுகிறவரால் தடத்தில் எதையும் துணிந்து முயன்று பார்க்கவும் முடியாது.

ரயிலில் பார்சலாக அனுப்பலாம். மதுரை நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் ஆர்சி நகலையும் அடையாளச் சான்றையும் கொடுத்து, பெட்ரோல் டாங்க்கைக் காலி செய்து, சாக்குச் சுற்றிப் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் குறைவுதான்; ஆனால் வண்டி நீங்கள் போகும் அதே ரயிலில் ஏறும் என்பதற்கு உறுதி இல்லை, எழும்பூரில் இறக்கியபின் பெட்ரோல் ஊற்றி இன்னும் 40 கி.மீ. போக வேண்டும். தடத்துக்காகக் கண்ணாடி, விளக்கு, நம்பர் பிளேட் எல்லாவற்றையும் கழற்றிய வண்டியை அப்படி நகருக்குள் ஓட்டவும் கூடாது. இரண்டு, மூன்று பேர் சேர்ந்து ஒரு குட்டியானையை வாடகைக்குப் பேசிக்கொள்வதுதான் என் கணிப்பில் சிறந்த வழி. கோவைக்கு அது தாராளமாகக் கட்டுப்படியாகும். இருங்காட்டுக்கோட்டைப் பள்ளிக்கு என்றால், வண்டியையே அங்கே வாடகைக்குத் தருகிறார்களா என்று பதிவுக்கு முன் கேட்டுவிட வேண்டும். தந்தால் வாடகை எவ்வளவு அதிகமாகத் தோன்றினாலும் அதை ஏற்றுக்கொள்ளலாம். விழுந்தால் சேதத்துக்கு யார் பொறுப்பு, எவ்வளவு வரை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்போது வண்டி. அவன் வாங்க நினைத்த 390இன் உண்மையான கொள்ளளவு 373 சிசி, திறன் சுமார் 43 குதிரைத்திறன். அவனிடம் ஏற்கெனவே இருக்கும் ஆர்15இன் திறன் சுமார் 18. இரட்டிப்புக்கும் மேல் இருக்கிறதே, அதனால் இரட்டிப்பு வேகமாகக் கற்கலாமா என்றால், நடப்பது வேறு. வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 100 கி.மீ. வேகத்தில் வளைவை நெருங்குகிறவரோடு ஒப்பிட்டால் 130 கி.மீ. வேகத்தில் நெருங்குகிறவர் பிரேக்கில் கரைக்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 70 விழுக்காடு அதிகம். புதியவரின் கவனம் முழுவதும் அந்தப் பிரேக்கிங்கிலேயே செலவாகிவிடும். வளைவுக்குள் எங்கே பார்ப்பது, எப்போது சாய்ப்பது என்பதற்கு மனத்தில் இடமே இருக்காது. அதோடு வளைவில் மெதுவாகப் போனாலும் நேர்ப்பாதையில் எஞ்சின் ஈடுகட்டிவிடுவதால் சுற்று நேரம் நன்றாகவே தெரியும், குறை மறைந்துவிடும். 18 குதிரைத்திறன் வண்டியில் வளைவில் இழந்த வேகத்தை நேர்ப்பாதையில் மீட்கவே முடியாது. ஒவ்வொரு தவறும் அப்பட்டமாகத் தெரியும். சிறிய வண்டி நல்ல ஆசிரியர்.

செலவிலும் இதே நிலைதான். பெரிய வண்டி டயரையும் பிரேக் பேடையும் வேகமாகத் தின்னும். விழுந்தால் பாகங்களின் விலையும் அதிகம். தேசியப் போட்டியின் நாவிஸ் வகுப்பே பல பருவங்களில் 165 சிசிக்கு உட்பட்ட வண்டிகளுக்கானதாக இருந்திருக்கிறது. அதனால் போட்டிக்காகவே 390 வேண்டும் என்ற வாதமும் நிற்பதில்லை. 200 சிசி அப்பாச்சி போன்ற நடுத்தர வண்டிக்கு நான் எதிரியல்லன். ஏறக்குறைய 20 குதிரைத்திறன், உதிரிப் பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், பழைய வண்டி மலிவாக வரும்.

அவனுடைய ஆர்15ஐயே தடத்துக்குக் கொண்டுபோகலாமே என்று கேட்டால், பள்ளிக்கும் முதல் ஓரிரு டிராக் டேக்கும் கொண்டுபோகலாம். அதற்கு மேல் கூடாது என்பதற்குக் காரணம் திங்கட்கிழமை. வேலைக்குப் போக அந்த ஒரு வண்டிதான் உண்டு என்றால், ஞாயிறன்று தடத்தில் அவன் மனம் திங்கட்கிழமையிலேயே இருக்கும். தொடர்ந்து ஓட்டுவது என்று உறுதியானபின், கீறலும் சிராய்ப்புமாக இருக்கும் பழைய வண்டி ஒன்றைத் தடத்துக்கென்றே வாங்கி, ஃபேரிங் எனப்படும் வெளி உறையின் அழகைப் பற்றிக் கவலைப்படாமல், எஞ்சின், செயின், ஸ்டீயரிங் பேரிங், ஃபோர்க் ஆயில் ஆகிய நான்கையும் சீராக்கினால் போதும். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் உள்ள வண்டியில் அதை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்ற வேண்டும். கூலன்ட் தடத்தில் கொட்டினால் பின்னால் வருகிறவர் வழுக்கி விழுவார். ஆயில் வடிக்கும் போல்ட்டைக் கம்பியால் கட்டி வைப்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

டயரைப் பற்றி மதுரைக்காரனாக ஒரு வார்த்தை. 1911இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் பேருந்து ஓட்டத் தொடங்கிய ஊர் இது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த டிவிஎஸ் ஸ்ரீசக்ரா நிறுவனத்தின் டயர் ஆலை மேலூர்ச் சாலையில் வெள்ளரிப்பட்டியில் இருக்கிறது, அக்கா மகன் தினமும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போகிறான். இருசக்கர வண்டி டயருக்குப் பெயர் பெற்ற ஊரிலிருந்து தடத்தில் ஓட்டுகிறவர்கள் இவ்வளவு குறைவாக இருப்பது எனக்கு நெடுநாள் வருத்தம். நடைமுறையில் அவன் தெரிந்துகொள்ள வேண்டியது, முதல் நாளுக்குப் பந்தய டயர் தேவையில்லை, நல்ல நிலையில் இருக்கும் சாலை டயர் போதும் என்பதுதான். ஓட ஓட டயர் சூடாகி உள்ளே காற்றழுத்தம் ஏறும் என்பதால், காலையில் சாலைக்கு வைக்கும் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைத்து வைத்து, ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் அளந்து எழுதிவைக்க வேண்டும்.

கடன் வாங்க வைத்திருந்த தைரியத்தில் ஒரு பகுதியைப் பாதுகாப்பு உடைக்குத் திருப்பச் சொன்னேன். மேல், கீழ் இரண்டும் இணைந்த லெதர் சூட், மணிக்கட்டுக்கு மேல் வரும் கையுறை, கணுக்காலை மூடும் பூட், முதுகுத் தண்டுக் காப்பு, முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட் ஆகியவை இல்லாமல் நல்ல அமைப்பாளர்கள் யாரும் உள்ளே விடுவதில்லை. ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை சாலைக்குச் சட்டப்படி போதும். தடத்துக்கு ஈசிஇ 22.06 போன்ற தரச் சான்றும் இரட்டை வளையத்தில் கோத்துக் கட்டும் தாடைப் பட்டையும் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு முறை கீழே விழுந்து அடிபட்ட ஹெல்மெட் எவ்வளவு விலையுயர்ந்ததானாலும் பழையது வாங்கக் கூடாது. சூட் பழையது வாங்கலாம். என் முதல் சூட் பழையதுதான், தையல்களைச் சரிபார்த்து இரண்டு இடத்தில் மறுபடி தைத்துக்கொண்டேன். சூட்டைப் பள்ளியில் வாடகைக்கு எடுப்பதும் ஒரு வழி. ஹெல்மெட்டும் கையுறையும் பூட்டும் மட்டும் சொந்தமாக, அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் கடுமையாகப் பேசக் காரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தின்போது 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து உயிரிழந்தான். மிகுந்த திறமை உள்ள பிள்ளை. தடம் சாலையைவிடப் பாதுகாப்பானது என்று மேலே சொன்னேன், அதை இப்போதும் சொல்கிறேன். ஆபத்தில்லாதது என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். வீட்டில் இருப்பவர்களிடமும் அப்படித்தான் சொல்ல வேண்டும். அக்காவிடம் நானே போய்ப் பேசினேன். மறைத்துவிட்டுப் போவதில்லை என்று அவனிடம் உறுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் மற்றப் பேச்செல்லாம்.

காப்பீட்டுத் தாளையும் எடுத்துப் படிக்க வேண்டும். வண்டிக் காப்பீட்டில் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியில், ஒழுங்குபடுத்தப்பட்ட பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருக்கும். எனவே தடத்தில் வண்டிக்கு நேரும் சேதத்துக்குக் காப்பீடு வரும் என்று நம்பவே கூடாது. மருத்துவக் காப்பீட்டில் ஆபத்தான விளையாட்டுகளுக்கான விலக்குப் பிரிவில் மோட்டார் பந்தயத்தின் பெயர் வெளிப்படையாகவே இருக்கும். தொழில்முறையாகப் பங்கேற்பவருக்கு என்ற சொல்லும் அதிலேயே இருக்கும். பொழுதுபோக்காக ஓட்டும் தம்மை எந்தப் பக்கத்தில் வைப்பார்கள் என்பதைத் தம் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்வது அவசியம்.

ஆகவே அவனுக்கு நான் வகுத்துக் கொடுத்த வரிசை, 390ஐ விட்டுவிடுவது. ஹெல்மெட், கையுறை, பூட் மூன்றையும் இந்த ஆண்டே வாங்குவது. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பள்ளியின் முதல் நிலை வகுப்பில், கிடைத்தால் அவர்கள் வண்டியிலும் கிடைக்காவிட்டால் தன் ஆர்15இலும் சேர்வது. அதன் பிறகு ஆறு மாதத்துக்குள் கோவையில் மூன்று முறையாவது ஓட்டுவது. அதற்கு மேலும் ஆசை குறையவில்லை என்றால் தடத்துக்கென்று ஒரு பழைய வண்டியும், மறு ஆண்டு ஒரே வகை வண்டிப் போட்டியின் தேர்வுச் சுற்றும். கையில் தாராளமாகப் பணமும் சென்னையில் தங்க உறவினர் வீடும் இருப்பவருக்கு இந்த வரிசை வேறாக இருக்கலாம். பதினைந்து, பதினாறு வயதில் தொடங்குகிறவர் தேர்வுச் சுற்றுகளை இவ்வளவு தள்ளிப்போட வேண்டியதில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அவனுக்கு வயது இருபத்து நான்கு.

மாதமும் பார்த்தோம். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைப் பக்கம் மழை பெய்து அமர்வுகள் தள்ளிப்போகும். சித்திரைக்குப் பிறகு லெதர் சூட்டுக்குள் உடல் நீரிழந்து மூன்றாவது அமர்வுக்குள் கவனம் சிதறிவிடும். பொங்கல் முடிந்த பிறகு, தை பிற்பகுதியோ மாசியோ முதல் முறைக்கு ஏற்ற காலம். அதுவரை இருக்கும் மாதங்களில் அதிகாலையில் வண்டி வராத காலி மைதானம் ஒன்றில் எட்டு வடிவம் போட்டுப் பழகவும், தொடைகளால் டாங்க்கை இறுக்கிக் கைகளைத் தளரவிட்டுப் பிரேக் பிடிக்கவும் சொல்லியிருக்கிறேன். சென்ற ஞாயிறு நானும் கூடப் போனேன். அவன் பத்து முறை பிரேக் பிடித்ததில் ஏழு முறை கை விறைத்தது.